சட்ட நூலகரிடம் கேள்வி கேட்பது எப்படி: கலிபோர்னியாவில் குடியிருப்போருக்கு ஒரு வழிகாட்டி

கவுண்டிதோறும், அதாவது மாவட்டம் போன்ற ஒவ்வொரு நிர்வாகப் பகுதியிலும், ஒரு சட்ட நூலகம் இருக்க வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 1891-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. இன்று அம்மாநிலத்தின் 58 கவுண்டிகளுக்கும் அந்த ஏற்பாடு பொருந்தும். நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் மட்டுமல்லாமல், அந்தக் கவுண்டியில் குடியிருக்கும் எவரும் நூலகத்துக்குச் சென்று நூல்களைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம் என்று அதற்குரிய சட்டப் பிரிவே சொல்கிறது. குடியுரிமையைப் பற்றியோ விசா வகையைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. சிவில் வழக்குத் தொடுப்பவர்கள் நீதிமன்றத்தில் கட்டும் தாக்கல் கட்டணத்தின் ஒரு பகுதிதான் இந்நூலகங்களின் முதன்மையான வருவாய். வழக்குகளின் எண்ணிக்கை குறையும் ஆண்டுகளில் நூலகத்தின் பணியாளர்களும் திறந்திருக்கும் நேரமும் குறைவது இதனால்தான். எனவே புறப்படும் முன் வேலை நேரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்படியொரு வசதி இருந்தும், வீட்டுக்காரரோடு தகராறு என்றாலும் கான்ட்ராக்டர் பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போனாலும் நம்மவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது வாட்ஸ்அப் குழுவில்தான். அங்கே டெக்சாஸில் இருப்பவர் தம் மாநிலச் சட்டத்தைச் சொல்வார், பத்தாண்டுகளுக்கு முன் வழக்காடியவர் அன்றைய விதியைச் சொல்வார், இரண்டுமே தவறாக முடியும். சட்ட நூலகத்துக்குப் போனவர்களிலும் சிலர், "அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்" என்று திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் கேட்ட கேள்வி நூலகர் பதில் சொல்லக்கூடாத கேள்வியாக இருந்திருக்கும்; அதையே சற்று மாற்றிக் கேட்டிருந்தால் அரை நாள் வேலை அரை மணியில் முடிந்திருக்கும். நூலகரிடமிருந்து உதவியை முழுமையாகப் பெறுவதற்குக் கேள்வியை எப்படி அமைப்பது, அவர் எடுத்துத் தருவதை எப்படிப் படிப்பது என்பவற்றை, பலருக்கும் நேரும் ஒரு சிக்கலை உதாரணமாக வைத்து இங்கே பார்ப்போம். வாடகை வீட்டைக் காலி செய்த பின் டெபாசிட் திரும்பி வராத கதைதான் அது.

போகும் முன்

முதலில் எந்த நூலகம் என்பதை முடிவு செய்யுங்கள். நகரத்தை அல்ல, கவுண்டியைப் பார்க்க வேண்டும். சன்னிவேலில் இருப்பவருக்கு உரியது சான் ஹோசேயில் இருக்கும் சான்டா கிளாரா கவுண்டி சட்ட நூலகம். ஃப்ரீமான்ட்டில் இருப்பவருக்குச் சான் ஹோசே பக்கம் என்றாலும், அவருடைய கவுண்டி அலமேடா. அதன் நூலகம் ஓக்லாந்தில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தில், நீதிமன்றக் கட்டடங்களுக்கு அருகே உள்ள அக்கவுண்டியின் நூலகம் நாட்டின் மிகப் பெரிய பொதுச் சட்ட நூலகங்களுள் ஒன்று.

அடுத்து, ஒரு தாளில் நிகழ்வுகளைத் தேதிவாரியாக எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது குடியேறினீர்கள், எவ்வளவு டெபாசிட் கொடுத்தீர்கள், எப்போது சாவியை ஒப்படைத்தீர்கள், அதன்பின் வீட்டுக்காரரிடமிருந்து என்ன வந்தது, எந்த நாளில் வந்தது. மனக்குறையை எழுத வேண்டியதில்லை, தேதியும் தொகையும் போதும். வாடகை ஒப்பந்தம், மின்னஞ்சல்கள், நீதிமன்றத்திலிருந்து ஏதாவது தாள் வந்திருந்தால் அதன் எல்லாப் பக்கங்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

நீதிமன்றத்தாள் வந்திருந்தால் மட்டும் ஒரு விதிவிலக்கு. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கின் சம்மன் என்றால், பதில் தாக்கல் செய்ய உங்களுக்கு இருப்பது 10 நீதிமன்ற நாட்கள் (வார இறுதியும் நீதிமன்ற விடுமுறையும் இதில் சேராது). 2025 ஜனவரி 1-க்கு முன் அது வெறும் 5 நாட்களாக இருந்தது. அந்த நாட்களை நூலகத்தில் படித்துத் தீர்ப்பது விவேகமல்ல. அன்றே நீதிமன்றத்தின் சுய உதவி மையத்துக்கோ இலவசச் சட்ட உதவி அமைப்புக்கோ செல்லுங்கள். குற்ற வழக்கென்றால் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும், அதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை.

மேசையில் கேட்பது

கலிபோர்னியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்யாத எவரும் சட்டத் தொழில் செய்யக்கூடாது. மீறினால் அது குற்றம். நூலகர்களில் சிலர் சட்டப் பட்டமும் பெற்றவர்கள் என்றாலும் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கையில் அவர்கள் உங்கள் வழக்கறிஞர் அல்லர். சட்டம் எங்கே இருக்கிறது என்பதை அவர் காட்டலாம். அந்தச் சட்டம் உங்கள் விவகாரத்துக்குப் பொருந்துமா, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லக்கூடாது. இந்தக் கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கேள்வியை அமைப்பது எளிது.

ஒருவர் மேசைக்கு வந்து, "வீட்டுக்காரர் என் டெபாசிட்டில் 2,400 டாலரைப் பிடித்துக்கொண்டார், கேஸ் போட்டால் ஜெயிப்பேனா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள நூலகர் இதை மறுத்து அனுப்பிவிட மாட்டார். பதிலுக்குச் சில கேள்விகளைக் கேட்பார். வீடு எந்த நகரத்தில் இருந்தது? எழுத்து மூல ஒப்பந்தம் உண்டா? எப்போது காலி செய்தீர்கள்? கழித்துக்கொண்டதற்குக் கணக்கு ஏதும் அனுப்பினாரா? ஏற்கெனவே வழக்கு நடக்கிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு. நகரத்தைக் கேட்பது, மாநிலச் சட்டத்துக்கு மேல் அந்த நகரத்துக்கென வாடகை விதிகள் இருக்கலாம் என்பதால். சான் ஹோசேக்கும் ஓக்லாந்துக்கும் அப்படி உண்டு. தேதியைக் கேட்பது, இந்தச் சட்டம் அண்மையில் பலமுறை திருத்தப்பட்டிருப்பதால். இதையெல்லாம் வம்பு விசாரிப்பதாக எடுத்துக்கொண்டு சுருக்கமாகப் பதில் சொல்பவர்கள் தங்களுக்குத்தாமே குழி பறித்துக்கொள்கிறார்கள்.

அதே கேள்வியை இப்படிப் பிரித்துக் கேட்கலாம்: "டெபாசிட்டைத் திருப்பித் தர வீட்டுக்காரருக்கு எத்தனை நாள் கெடு என்று சொல்லும் சட்டப் பிரிவு எங்கே இருக்கிறது?", "எவற்றுக்காகக் கழிக்கலாம் என்பதை விளக்கும் கையேடு எது?", "இதைப் பற்றி மேல் நீதிமன்றங்கள் சொன்ன தீர்ப்புகளை எப்படித் தேடுவது?", "இதற்குரிய படிவங்கள் எந்தத் தொகுதியில் இருக்கின்றன?". இவை எல்லாவற்றுக்கும் நூலகர் எழுந்து வந்து அலமாரி வரை நடப்பார். "இந்தப் பிரிவுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் நின்றுவிடுவார், "இந்தப் பிரிவை விளக்கி எழுதியவர்கள் யார், எங்கே எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்டால் மூன்று நூல்களை எடுத்து வைப்பார். "எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும்?" என்பதற்குப் பதிலாக "என் போன்றவர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் படிவங்கள் எவை, ஒவ்வொன்றும் எதற்கு என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். நிரப்பிய படிவத்தைச் சரிபார்த்துத் தரச் சொல்லாதீர்கள், அது அவரால் இயலாது.

ஒன்றை மறக்க வேண்டாம். வழக்கறிஞரிடம் சொன்னதற்கு உள்ள இரகசியப் பாதுகாப்பு நூலகரிடம் சொன்னதற்குக் கிடையாது. நூலகர் இரு தரப்புக்கும் பொதுவானவர்; உங்கள் வீட்டுக்காரரும் அதே வாரத்தில் அதே மேசைக்கு வந்து அதே நூலைக் கேட்கலாம், அவருக்கும் அதே மரியாதையுடன் எடுத்துத் தரப்படும். எனவே தேடலுக்குத் தேவையானதை மட்டும் சொன்னால் போதும், முழுக் கதையையும் உரத்த குரலில் விவரிக்க வேண்டாம்.

கையேட்டிலிருந்து தொடங்குங்கள்

சட்டப் பிரிவை நேரடியாகப் படிப்பதுதான் ஒழுங்கான வழி என்று பலர் நினைக்கிறார்கள். சட்ட நூலகர்கள் பெரும்பாலும் அப்படித் தொடங்குவதில்லை. அந்தத் துறையை யாராவது ஏற்கெனவே விளக்கி எழுதியிருந்தால் அதைத்தான் முதலில் தருவார்கள், அதுதான் சரியும்கூட. 1971-இல் பெர்க்லியில் தொடங்கப்பட்ட நோலோ நிறுவனம், சட்டம் படிக்காதவர்களுக்கென எளிய ஆங்கிலத்தில் கையேடுகளை வெளியிடுகிறது. கலிபோர்னியா வாடகைதாரர்களுக்கும், சிறு வழக்குகளைத் தாமே நடத்துவோருக்கும் அதில் தனித்தனி நூல்கள் உள்ளன. அதற்கு மேல் வேண்டுமானால், வழக்கறிஞர்கள் பயன்படுத்தும், சிஇபி, ரட்டர் குழுமம் ஆகிய பதிப்பகங்களின் நடைமுறை நூல்கள் இருக்கும். இவற்றில் மாதிரிக் கடிதங்களும் மாதிரி மனுக்களும் உண்டு. கையேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி வெளியான ஆண்டைப் பாருங்கள். பழைய பதிப்பு அலமாரியில் கிடைப்பது எளிது, அதுவே ஆபத்தும்.

சட்டப் புத்தகமும் அதன் பையும்

கையேடு உங்களை ஓர் எண்ணுக்கு அனுப்பும்: கலிபோர்னியா சிவில் சட்டத் தொகுப்பு, பிரிவு 1950.5. இதை இணையத்தில் மாநிலச் சட்டமன்றத்தின் தளத்திலேயே படித்துவிடலாம். பிறகு ஏன் நூலகம் வரை வர வேண்டும்? அங்கே இருப்பது குறிப்புரையுடன் கூடிய பதிப்பு. வெஸ்ட், டீரிங் என்னும் இரண்டு வரிசைகள் கலிபோர்னியாவுக்கு உண்டு. அவற்றில் பிரிவின் வாசகம் முடிந்ததும், அது எந்தெந்த ஆண்டு எப்படித் திருத்தப்பட்டது என்ற வரலாறும், தொடர்புள்ள பிற பிரிவுகளும், அந்தப் பிரிவை எடுத்தாண்ட தீர்ப்புகளின் ஓரிரு வரிச் சுருக்கங்களும் பொருள்வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். சிறு பிரிவுக்குக்கூட இந்தச் சுருக்கங்கள் பல பக்கங்கள் நீளும்.

தடித்த அட்டைப் புத்தகத்தை எடுத்ததும் பிரிவை மட்டும் படித்து மூடிவிடாதீர்கள். பின் அட்டையின் உட்புறத்தில் ஒரு பிளவு இருக்கும். அதில் ஒரு மெல்லிய தாளட்டைப் பிரசுரம் செருகப்பட்டிருக்கும். அதற்குப் பாக்கெட் பார்ட் என்று பெயர். புத்தகம் அச்சான பின் வந்த திருத்தங்களும் புதுத் தீர்ப்புகளும் ஆண்டுதோறும் அதில் வரும், பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகுவார்கள். அதே பிரிவு எண்ணை அதிலும் தேட வேண்டும். டெபாசிட் விஷயத்தில் இது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்: பழைய வாசகத்தின்படி தட்டுமுட்டுச் சாமான் இல்லாத வீட்டுக்கு இரண்டு மாத வாடகை வரையும், சாமான்களுடன் கூடிய வீட்டுக்கு மூன்று மாத வாடகை வரையும் டெபாசிட் வாங்கலாம். 2024 ஜூலை 1 முதல் பொதுவான வரம்பு ஒரு மாத வாடகைதான். இரண்டு சொத்துகளுக்கு மேற்படாமல், மொத்தம் நான்கு வீடுகள் வரை மட்டும் வாடகைக்கு விடும் சிறு உரிமையாளர்களுக்குச் சில நிபந்தனைகளுடன் இரண்டு மாதம் வரை விலக்கு உண்டு. அட்டைப் புத்தகத்தை மட்டும் படித்தவர் சட்டத்தையும் பிரிவு எண்ணையும் சரியாகச் சொல்லிக்கொண்டே தவறான தொகையைச் சொல்வார்.

பிரிவு 1950.5-ஐப் பொறுமையாகப் படித்தால் வேண்டியது பெரும்பாலும் கிடைத்துவிடும். வீட்டைக் காலி செய்து 21 நாட்களுக்குள் வீட்டுக்காரர் மீதத் தொகையையும், கழித்ததற்கான பட்டியலையும் தர வேண்டும். கட்டாத வாடகை, வீட்டைக் குடியேறியபோது இருந்த அளவுக்குச் சுத்தம் செய்வது, வழக்கமான தேய்மானத்துக்கு மேற்பட்ட சேதத்தைப் பழுது பார்ப்பது ஆகியவற்றுக்குக் கழிக்கலாம். பழுதுக்கும் சுத்தம் செய்வதற்கும் சேர்த்து 125 டாலருக்கு மேல் கழித்தால் பில்களின் நகலையும் இணைக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், வீடு கைக்கு வந்த பின்னும் பழுது பார்த்த பின்னும் அவர் புகைப்படம் எடுத்திருக்க வேண்டும். கெட்ட எண்ணத்துடன் பணத்தை நிறுத்தி வைத்தார் என்று நீதிமன்றம் கருதினால், திருப்பித் தர வேண்டிய தொகைக்கு மேலாக டெபாசிட்டைப் போல் இரண்டு மடங்கு வரை விதிக்கலாம். "வரை" என்ற சொல்லைப் பலரும் படிக்காமல் தாண்டிவிட்டு, மூன்று மடங்கு உறுதி என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

தீர்ப்பைத் தேடுவது

வீட்டுக்காரர் 21 நாள் கெடுவைத் தவறவிட்டு, முப்பதாம் நாள் பட்டியல் அனுப்பினால் என்ன ஆகும்? பிரிவின் வாசகத்தில் இதற்கு நேரான பதில் இல்லை. குறிப்புரைப் பதிப்பின் தீர்ப்புச் சுருக்கங்களைப் பார்த்தால் 1995-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்த்த கிரான்பெரி வழக்கு கண்ணில் படும். அதன் அடையாளக் குறிப்பில் முதலில் வரும் 9 என்பது தொகுதி எண், அடுத்தது உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பின் நான்காம் வரிசை, கடைசியில் வரும் 738 என்பது பக்க எண். இந்த மூன்றையும் நூலகரிடம் சொன்னால் போதும்.

சுருக்கத்தை மட்டும் படித்தால், கெடுவைத் தவறவிட்ட வீட்டுக்காரர் டெபாசிட்டை வைத்துக்கொள்ளும் உரிமையை இழந்து முழுவதையும் திருப்ப வேண்டும் என்று தோன்றும், குதிக்கத் தோன்றும். முழுத் தீர்ப்பையும் படித்தால் அடுத்த பாதி தெரியும்: நல்லெண்ணத்துடன் தவறியவராக இருந்தால், கட்டாத வாடகையையும் சேதத்தையும் அவர் நீதிமன்றத்தில் நிரூபித்து ஈடு கோரும் வழி அடைபடவில்லை. வீட்டுக்காரரின் பக்கத்தில் யாராவது இதைப் படித்துவிட்டு வந்தால், முதல் பாதியை மட்டும் எழுதி வைத்திருப்பவர் விசாரணையில் விழிக்க வேண்டியதுதான். சுருக்கம் என்பது பதிப்பகத்தின் ஆசிரியர் எழுதியது, நீதிமன்றம் எழுதியதல்ல. அதை மேற்கோளாகக் காட்டவே கூடாது.

தீர்ப்பைப் படித்தாயிற்று என்றால் அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிந்திய தீர்ப்பு ஒன்று அதை மாற்றியிருக்கலாம். 1873-இல் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் இதற்காகப் பசை தடவிய சிறு தாள்களை அச்சிட்டு விற்றார். வழக்கறிஞர்கள் அவற்றைத் தங்கள் தீர்ப்புப் புத்தகங்களின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். அந்த வேலையை இன்று கணினி செய்கிறது. பெரும்பாலான கவுண்டி சட்ட நூலகங்களில் வெஸ்ட்லா அல்லது லெக்சிஸ் தரவுத்தளத்தைப் பொதுமக்கள் அங்குள்ள கணினிகளில் இலவசமாகப் பயன்படுத்தலாம். தனியாள் சந்தா கட்டினால் கையைக் கடிக்கும் விலை அது. வெஸ்ட்லாவில் தீர்ப்பின் தலைப்பருகே சிவப்புக் கொடி தெரிந்தால், அதன் ஏதோ ஒரு கருத்தேனும் இனிச் செல்லாது என்று பொருள். மஞ்சள் கொடி என்றால் எச்சரிக்கை. கொடியைக் கண்டதும் கைவிட வேண்டாம், எந்தக் கருத்து அடிபட்டது என்று உள்ளே சென்று பார்க்க வேண்டும். இந்தத் திரையில் வடிகட்டித் தேடுவது எப்படி என்பதை நூலகர் அருகில் நின்று காட்டித் தருவார், கேட்கத் தயங்காதீர்கள்.

கலிபோர்னியாவுக்கே உரிய ஒரு கண்ணி உண்டு. மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகளில் பெரும்பாலானவை அதிகாரபூர்வத் தொகுப்பில் வெளியிடப்படுவதில்லை. முதல் பக்கத்திலேயே வெளியிடத்தக்கதல்ல என்று முத்திரை இருக்கும். இணையத்தில் அவை தாராளமாகக் கிடைத்தாலும், நீதிமன்ற விதி 8.1115-இன்படி, சில விதிவிலக்குகள் தவிர, அவற்றை முன்தீர்ப்பாக எடுத்துக்காட்டக் கூடாது. உங்கள் வழக்கை அச்சில் வார்த்தாற்போன்ற தீர்ப்பு ஒன்றைக் கூகுளில் கண்டுபிடித்தால், மகிழும் முன் முதல் பக்கத்தைப் பாருங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்டுப் பெற்ற பதிலையும் நூலகத்துக்குக் கொண்டு செல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது குறிப்பிடும் ஒவ்வொரு வழக்கையும் தொகுதி எண், பக்க எண்ணுடன் தேடிப் பார்க்க வேண்டும். 2023-இல் நியூயார்க்கில், அப்படிப் பெற்ற இல்லாத வழக்குகளை மனுவில் எழுதிய இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்களுடைய நிறுவனத்துக்கும் கூட்டரசு நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். இப்படிப்பட்ட போலி மேற்கோளை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும் திறமை சட்ட நூலகர்களுக்கு இப்போது கைவந்த கலை.

டெபாசிட் அல்லாத விவகாரம் என்றால்

சமையலறையைப் புதுப்பிப்பதாகப் பணம் வாங்கிய கான்ட்ராக்டர் பாதியில் விட்டுப் போன வழக்குக்கு, நான் முதலில் கேட்கச் சொல்வது ஜூரிகளுக்கான அறிவுறுத்தல் தொகுப்பைத்தான். நீதித்துறைப் பேரவை வெளியிடும் இத்தொகுப்பு, சட்டம் படிக்காத ஜூரிகளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதில் 303-ஆம் எண், ஒப்பந்த மீறலை நிரூபிக்க என்னென்ன காட்ட வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறது: ஒப்பந்தம் இருந்தது, உங்கள் பங்கை நீங்கள் செய்தீர்கள், எதிர்த்தரப்பு தன் பங்கைச் செய்யவில்லை, அதனால் உங்களுக்கு இழப்பு ஏற்பட்டது என்ற முறையில். ஒவ்வொரு வரிக்கும் எதிரே உங்களிடம் உள்ள சான்றை எழுதிப் பாருங்கள். எந்த வரிக்கு எதிரே வெற்றிடம் இருக்கிறதோ அங்கேதான் வழக்கு பலவீனமாக இருக்கிறது. ஜூரியே இல்லாத சிறு வழக்குக்கும் இது பயன்படும்.

வழக்குத் தொடுக்கும் கெடுவும் இதில் முக்கியம். எழுத்து மூல ஒப்பந்தத்தை மீறியதற்கு நான்கு ஆண்டுகள், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு இரண்டு ஆண்டுகள் என்பது பொது விதி. விதிவிலக்குகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். குடியேற்றம் தொடர்பான கேள்விகள் மாநிலச் சட்டத்தில் வராது, அவை முழுவதும் கூட்டரசுச் சட்டம். நூலகர் வேறு அலமாரிக்கு அழைத்துச் செல்வார். ஆனால் அத்துறையில் விதிகளும் நடைமுறைகளும் மாறும் வேகத்தைப் பார்த்தால், புரிந்துகொள்வதற்காகப் படியுங்கள், விண்ணப்பிக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள் என்பதே என் கருத்து.

படித்ததிலிருந்து வழக்குக்கு

டெபாசிட் போன்ற வழக்குகள், சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். தனிநபர் அங்கே 12,500 டாலர் வரை கோரலாம். விசாரணையில் எந்தத் தரப்புக்கும் வழக்கறிஞர் வாதாட முடியாது. தாக்கல் கட்டணம் தொகையைப் பொறுத்துப் பொதுவாக 30 முதல் 75 டாலர் வரை. வருமானம் குறைந்தவர்கள் எஃப்டபிள்யூ-001 படிவத்தில் விலக்குக் கேட்கலாம். மனுவுக்கான படிவம் எஸ்சி-100. தாக்கல் செய்யும் முன் பணத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்பதால், பிரிவு எண்ணையும் தேதிகளையும் குறித்து ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். அதன் மாதிரி கையேடுகளிலும் நீதிமன்றங்களின் சுய உதவித் தளத்திலும் இருக்கிறது. பல தகராறுகள் இந்தக் கடிதத்தோடு முடிந்துவிடுகின்றன.

யார் மீது வழக்கு என்பதில் பலர் சறுக்குகிறார்கள். குடியிருப்பு வளாகத்தின் பெயர்ப் பலகையில் இருப்பது விளம்பரப் பெயர். சொத்து வேறொரு எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய) நிறுவனத்தின் பெயரில் இருக்கும். மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் நிறுவனப் பதிவேட்டில் சரியான பெயரையும், வழக்குத் தாளைப் பெற்றுக்கொள்ள நியமிக்கப்பட்ட முகவரையும் தேடுவது எப்படி என்று நூலகரிடம் கேளுங்கள். தயக்கமின்றி அவர் உதவக்கூடிய கேள்வி இது. தாளை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது, வழக்கில் தொடர்பில்லாத 18 வயது நிரம்பிய ஒருவர் கொடுக்க வேண்டும் அல்லது நீதிமன்றம் தரும் பிற வழிகளைப் பின்பற்ற வேண்டும்.

நூலகர் நின்றுவிடும் இடத்திலிருந்து தொடர்வதற்கும் ஆள் உண்டு. ஸ்மால் கிளெய்ம்ஸ் வழக்காடுவோருக்கு இலவச ஆலோசகர் சேவையை ஒவ்வொரு கவுண்டியும் தர வேண்டும். நிரப்பிய படிவத்தை அவரிடம் காட்டிக் கேட்கலாம். சில சட்ட நூலகங்களில் குறிப்பிட்ட நாட்களில் வழக்கறிஞர்கள் வந்து சிறிது நேரம் இலவசமாக ஆலோசனை தருவதுண்டு. அடுத்த அமர்வு எப்போது, முன்பதிவு தேவையா என்று மேசையில் விசாரியுங்கள். அந்தக் குறுகிய நேரத்துக்குள் கேட்க வேண்டியதை முடிக்க, நூலகத்தில் நீங்கள் எடுத்த பிரிவின் நகலும் தேதிப் பட்டியலும் பெரிதும் கைகொடுக்கும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராத பெற்றோர் வழக்கின் ஒரு தரப்பாக இருந்தால், ஐஎன்டி-300 படிவத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம். நீதிமன்றத்துக்கு ஆள் தேட அவகாசம் வேண்டும் என்பதால் தேதி தெரிந்தவுடனே கொடுத்துவிடுங்கள்.

மேல்முறையீட்டு விதியைத் தாக்கல் செய்யும் முன்பே படித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்மால் கிளெய்ம்ஸில் வழக்குத் தொடுத்தவர் தோற்றால் தன் கோரிக்கையின் மீது மேல்முறையீடு செய்ய முடியாது, எதிர்த்தரப்புக்கு மட்டுமே அந்த வாய்ப்பு உண்டு. வென்றாலும் நீதிமன்றம் பணத்தை வசூலித்துத் தராது. எதிர்த்தரப்பு தானாகத் தராவிட்டால், வங்கிக் கணக்கிலிருந்தோ சம்பளத்திலிருந்தோ பிடிப்பதற்கான ஆணைக்கு இஜே-130 படிவத்தில் மனுச் செய்ய வேண்டும். தீர்ப்பு 10 ஆண்டுகள் செல்லும், முடியும் முன் புதுப்பித்துக்கொள்ளலாம். வசூல் நடைமுறைக்கென்றே தனி அலமாரி பல நூலகங்களில் உண்டு, அந்தக் கட்டத்தில் மறுபடியும் அதே மேசைக்குப் போய், "தீர்ப்பை நிறைவேற்றும் நடைமுறை பற்றிய நூல்கள் எங்கே?" என்று கேளுங்கள்.